பல்பு வழியாக ஒரு வாரம் கேட்ட கிட்டார்

படிக்கிறவங்க முதல்லயே என்னை மன்னிச்சுக்கணும். எனக்கு எழுத வராது. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தினவ. அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் காயில் மேல ஒட்டற சீட்டுல எத்தனை சுத்து, எந்த நம்பர் கம்பி, அவ்வளவுதான். மறதி வேற. போன வாரம் என்ன சமைச்சேன்னு கேட்டா தெரியாது. இது நடந்து நாலு வருஷம் ஆகுது. முன்னப்பின்ன இருந்தா நீங்களே நேராக்கிப் படிச்சுக்குங்க.

முதலாளி போன மாசம் ஸ்ரீரங்கத்துக்கு வந்தப்ப என்னையும் பார்த்துட்டுப் போனார். "சரோஜாக்கா, புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. எல்லாம் பாலிடெக்னிக் படிச்ச பிள்ளைங்க. வேலையை நாங்க சொல்லிக் கொடுத்துடுவோம். நீங்க செஞ்ச தப்பு ஏதாவது ஒண்ணை எழுதிக் கொடுங்க"ன்னார்.

"ஒண்ணு போதுமா?"ன்னேன்.

"பெரிசா ஒண்ணு"ன்னார்.

அந்த நாலு பேருக்குத்தான் இது. நீங்க என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க. காயில் கட்டற ரூம்ல ஜன்னலோரம் ஒரு மர ஸ்டூல் இருக்கும், ஒரு கால் குட்டை. அதுல இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தது நான்தான். கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட்காரங்களுக்கும் போற ஆம்ப்ளிஃபயர் எல்லாத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மர் காயில் கட்டுவேன். காலையில ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறி, திருவெறும்பூர்ல இறங்கினா தலை குனிஞ்சு உட்கார்ந்து கம்பி சுத்துவேன். சாயந்திரம் தலை நிமிர்ந்து பஸ் ஏறுவேன். யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. அந்த வேலை எனக்குப் பிடிச்சதுக்கு அதுதான் காரணம். திறமைன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பாதீங்க.

ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி மத்தது புரியாது. நம்ம ஒர்க்‌ஷாப்ல புது சாமான் எதையும் நேரா பிளக்ல சொருக மாட்டோம். சீரிஸ் போர்டுன்னு ஒரு மரப்பலகை இருக்கும், அதுல ஒரு பெரிய குண்டு பல்பு. கரண்ட் அந்தப் பல்பு வழியாத்தான் சாமானுக்குப் போகும். உள்ள எங்கயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும், சாமான் பிழைச்சுக்கும். ஷார்ட் இல்லைன்னா பல்பு மங்கிடும். அப்புறம் பிளக்கை மாத்தி டைரக்ட்ல கொடுக்கணும். எங்க காயில் ரூம்ல இன்னும் சுலபம். வெறும் டிரான்ஸ்ஃபார்மரைப் பல்புல போட்டுப் பார்ப்போம். நல்ல காயில்னா பல்பு எரியவே எரியாது. பல்பு இருட்டா இருந்தா நல்லது. என் படிப்பு அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

புத்தூர்ல ஆரோக்கியம் சார்னு ஒருத்தர். கிட்டார் வாத்தியார். ஒரு வீட்டோட மாடியில குடியிருந்துக்கிட்டு அங்கேயே பாடம் எடுக்கறவர். அவர் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, தனக்குன்னு ஒரு ஆம்ப் செஞ்சு தரணும்னார். பழைய ரேடியோல இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடி வால்வு போட்டது. ஆனா சத்தம் வேண்டாம்.

"சத்தம் வேண்டாம்னா ஆம்ப் எதுக்கு சார்?"னு முதலாளி சிரிச்சார்.

சார் சிரிக்கல. "கீழ் வீட்டுல ஹவுஸ் ஓனரோட பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகல. என்கிட்ட இருக்கற பழைய ஆம்பைத் தொட்டாலே அது வீல்னு கத்துது. இன்னொரு தடவை குழந்தை முழிச்சா வீட்டைக் காலி பண்ணிடுங்கன்னுட்டார். பதினோரு பேர் கத்துக்க வர்றாங்க. எல்லாம் சைக்கிள்ல வர்ற தூரத்துல இருக்கறவங்க. வீடு மாறினா அத்தனை பேரும் போயிடுவாங்க. கிட்டார் வாத்தியாருக்கு எவன் சார் சீக்கிரத்துல வீடு தருவான்? மெதுவா வாசிச்சாலும் நாதம் கெடாத மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க."

செஞ்சோம். சின்ன பீரோ மாதிரி மரப்பெட்டி, முன்னால துணி, உள்ளயே ஸ்பீக்கர். அதுல இருக்கற ரெண்டு காயிலும் நான் கட்டினது. ஒர்க்‌ஷாப்ல டெஸ்டிங் பார்க்கற தம்பி முழுசா செக் பண்ணினார். ஆனா ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. வீட்டுக்குள்ள அது எப்படிக் கேக்கும்? நம்ம ஒர்க்‌ஷாப்ல ஒரு பக்கம் லேத், இன்னொரு பக்கம் தஞ்சாவூர் ரோடு. இதுக்கு நடுவுல வெச்சு எது மெதுவான சத்தம், எது பெரிய சத்தம்னு யார் சொல்ல முடியும்?

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க வீடு ரெண்டு பக்கமும் ஒட்டுச் சுவர்தானே? ஒரு வாரம் கொண்டுபோய் வெச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்காம எது வரைக்கும் போகலாம்னு பார்த்து அடையாளம் பண்ணிக் கொடுங்க."

வேற யாரையாவது பாருங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லணும்னா பேசணுமே. தலையாட்டிட்டேன்.

டெஸ்டிங் தம்பி பெட்டியோட ஒரு சீரிஸ் போர்டையும் வேன்ல ஏத்தினார். "வேன் ஆட்டத்துல ஏதாவது லூஸ் ஆகியிருந்தா தெரியணும். முதல் தடவை பல்புல போடுங்க அக்கா. பல்பு மங்கினதும் டைரக்ட்ல மாத்திடுங்க"ன்னார். நல்லாக் காதுல விழுந்தது. சரின்னும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பல்புல போட்டேன். பளிச்சுன்னு எரிஞ்சுது, கொஞ்சம் மங்கிச்சு. ஆனா அணையல. நான் பார்த்த நல்ல காயில் எல்லாத்துக்கும் பல்பு இருட்டாத்தானே இருக்கும்? அணையட்டும்னு காத்திருந்தேன். சாயந்திரம் வரைக்கும் அணையல. வெறும் டிரான்ஸ்ஃபார்மர் வேற, முழு ஆம்ப் வேற. ஆம்ப் வேலை செஞ்சா கரண்ட் இழுக்கும், கரண்ட் இழுத்தா பல்பு கொஞ்சம் எரியத்தான் செய்யும். முதல் மாசத்துல உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போனைக் கையில எடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் காயில் கட்டினவ, பல்பு ஏன் அணையலன்னு கேட்டா என்ன நினைப்பார்? போனை வெச்சுட்டேன்.

அப்படியே பல்பு வழியாவே ஒரு வாரம் ஓட்டிட்டேன்.

இப்ப நினைச்சா சிரிப்பு வருது. அந்த ஆம்ப் என்கிட்ட எத்தனை விதமா சொல்லிச்சு தெரியுமா, எனக்குச் சாப்பாடு பத்தலன்னு? சுவிட்ச் போட்டா சத்தம் வர்றதுக்கு நான் காபி கலந்து குடிச்சு முடிக்கற நேரம் ஆகும். பெரிய மனுஷங்க மெதுவாத்தான் வாயைத் திறப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். பின்னாடி எட்டிப் பார்த்தா வால்வு செங்கல் நிறத்துல மங்கலா இருக்கும். அடக்கமான பொருள்னு மெச்சிக்கிட்டேன். மத்தியானம் பூரா ஓடினாலும் காயில் சூடே ஆகல. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சரோஜா, உன் கைவேலை என்ன லேசா, இப்படி ஒரு காயிலை யார் கட்டுவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாய்விட்டே சொன்னேன்னு நினைக்கறேன்.

அந்தப் பல்பு வேற நல்ல வெளிச்சம் கொடுத்தது. என் கூடம் பகல்லயும் இருட்டு. பல்புகிட்ட உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சேன். ஆம்ப்புக்குப் போக வேண்டிய கரண்ட்டுல கீரை ஆய்ஞ்சவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

சார் தன்னோட பழைய கிட்டார் ஒண்ணையும் கொடுத்து விட்டிருந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா கம்பின்னா தெரியும். காயில் கம்பியை இழுத்துப் பார்க்கற மாதிரி ஒவ்வொரு கம்பியா கட்டை விரலால இழுத்து விட்டேன். வாசல் கதவைச் சாத்திட்டு, ஜன்னலைச் சாத்திட்டு, களவாணி மாதிரி. தடிமன் கம்பியை இழுத்தா ஆம்ப் கரண்ட் இழுத்து, பல்பு ஒரு தடவை பிரகாசமாகித் தணியும். மூச்சு விடற மாதிரி இருக்கும். மூணாவது நாள்ல இருந்து அதுகிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன். வெட்கத்தை விட்டு எழுதறேன்.

என் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமி. மாமிக்குக் காது அவ்வளவு கூர்மை. தெருமுனையில தேங்காய் உடைச்சா இங்க இருந்துக்கிட்டே முத்தலா இளசான்னு சொல்லுவா. அதனால மாமிதான் என் மீட்டர். வால்யூமை மூணுல வெச்சு வாசிச்சேன், மாமி வரல. அஞ்சுல வெச்சேன், வரல. ஏழுல வெச்சப்ப வாசல்ல குரல் கேட்டுது.

"ஏண்டி சரோஜா, ஆத்துக்குள்ள தேன்கூடு ஏதாவது கட்டிடுத்தா? ரீங்காரம் கேக்கறதே."

"இல்லைங்க மாமி, கம்பெனி வேலை."

"கம்பெனியையே ஆத்துக்குக் கொண்டு வந்துட்டயா? எங்க, காட்டு பார்ப்போம்." பெட்டியைச் சுத்தி வந்தா. "பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா ஒரே கம்பியையே இழுத்துண்டு இருக்கயே, வேற ஏதாவது வாசியேன்."

"தெரியாதுங்க மாமி."

"தெரியாமத்தான் நாலு நாளா வாசிக்கறயா? பெருமாளே!"

"தொந்தரவா இருக்கா மாமி?"

"எனக்கென்ன தொந்தரவு? குக்கர் விசில்ல பாதி இல்லை. பாராயணத்துக்குச் சுருதி போட்டாப்பல இருக்கு. வெச்சுக்கோ."

மாமி சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி. ஏழுதான் அளவுன்னு முடிவு பண்ணினேன். அடையாளம் வைக்க என்கிட்ட என்ன இருக்கு? நெத்தியில வைக்கற ஸ்டிக்கர் பொட்டு அட்டையில இருந்து ஒண்ணை உரிச்சு, வால்யூம் நாப் பக்கத்துல ஏழுக்கு நேரா ஒட்டினேன். கறுப்புத் தகட்டுல சிவப்புப் பொட்டு அம்சமா இருந்தது.

வேன் வந்தப்ப டெஸ்டிங் தம்பி அதைப் பார்த்து, "ஏழா அக்கா? நம்ம ஒர்க்‌ஷாப்ல நாலுலயே லேத்தைத் தாண்டிக் கேட்டுச்சே"ன்னார். அப்பவாவது பல்பைப் பத்தி வாயைத் திறந்திருக்கலாம். சீரிஸ் போர்டைப் பழைய துணியில சுத்தி அழகா மூட்டை கட்டி வெச்சிருந்தேன். "வீட்டுல ஏழுதான் தம்பி, ஒரு வாரம் பார்த்துட்டேன்"னு சொன்னேன். அவர் என் நரைச்ச தலைக்கு மரியாதை கொடுத்தார். "அக்கா சொன்னா சரி"ன்னுட்டார். பிள்ளைங்களா, உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்து, எதிர்ல நரைச்ச தலை இருந்துச்சுன்னா, ரெண்டாவது தடவை கேளுங்க. நரை வெயில்ல நின்னாலும் வரும்.

முதலாளி என்னையும் புத்தூருக்குப் போகச் சொன்னார். "ஒரு வாரம் பழகினவங்க நீங்க, சாருக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வாங்க"ன்னு. கஸ்டமர் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. காலையில பதினோரு மணி இருக்கும். கீழ் வீட்டைத் தாண்டறப்ப தம்பியும் சாரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பூனை மாதிரி நடந்தாங்க. "இப்பதான் தூங்குதாம்"னு சார் ரகசியமாச் சொன்னார். படியில என் செருப்பு ஒண்ணுதான் சத்தம் போட்டுச்சு.

சார் பழைய ஆம்ப் இருந்த இடத்துலயே, கூடத்து நடுவுல, இதை வெச்சார். தம்பி நேரா சுவத்து பிளக்ல சொருகினார். சார் கிட்டாரை மாட்டிக்கிட்டு, நாப்பை என் பொட்டுக்கு நேரா திருப்பி வெச்சுட்டு தம்பிகிட்ட ஏதோ பேசிக்கிட்டு இருந்தார்.

நான் பெட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். அரை நிமிஷம்கூட ஆகல, வால்வு ஆரஞ்சு மிட்டாய் நிறத்துல எரியுது. என் வீட்டுல செங்கல் நிறமாத்தானே இருந்தது? ஸ்பீக்கர்ல இருந்து மெல்லிசா ஒரு 'ம்ம்ம்' கிளம்பிச்சு. என் வீட்டுல அது வர்றதுக்குள்ள நான் காபியே குடிச்சு முடிச்சிருப்பேன். பல்பைத் தேடினேன். பல்பு இல்ல. அந்த இடத்துல எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. நான் வெச்ச ஏழு, பல்பு தின்னது போக மிச்ச கரண்ட்டுக்கு வெச்ச ஏழு. பள்ளிக்கூடத்துல எனக்கு எந்தக் கணக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்ல.

சார் கையை ஓங்கறதுக்கு முன்னால எனக்கு நேரம் இருந்தது. "நிறுத்துங்க"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு ஆம்பளைங்க பேசிக்கிட்டு இருக்காங்களே, நடுவுல எப்படிப் புகறதுன்னு நின்னேன். ஒருவேளை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு நானே ஒரு சமாதானம் வேற சொல்லிக்கிட்டேன்.

சார் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தார்.

ஜன்னல் கதவு, சுவத்துல இருந்த மாதா படம், என் கண்ணாடி வளையல் எல்லாம் ஒண்ணா அதிர்ந்துச்சு. சார் பாய்ஞ்சு சுவிட்சை அணைச்சார். அப்புறம் கீழ இருந்து குழந்தை அழற சத்தம். அதுக்கப்புறம் படியில செருப்புச் சத்தம்.

ஹவுஸ் ஓனர் வந்து நின்னார். கத்தல. அதுதான் பயமா இருந்தது. "சார், நான் உங்ககிட்ட என்ன சொல்லியிருந்தேன்?"

கிட்டாரைக் கழுத்துல இருந்து கழட்டாம சார் நின்னார். "சொல்லியிருந்தீங்க சார்."

"அப்ப இந்த மாசத்தோட பார்த்துக்குங்க."

தம்பி குறுக்கே புகுந்தார். "சார், இங்க வோல்டேஜ் ஜாஸ்தியா இருக்கும் போலிருக்கு, வயரிங்கை ஒரு தடவை..."

"ஓ, இப்ப என் வீட்டு வயரிங் தப்பா?"

"என் தப்புங்க"ன்னேன். யாருக்கும் கேக்கல. திரும்பவும் சொன்னேன். பழக்கம் இல்லாததால ரெண்டாவது தடவை கூப்பாடாப் போயிடுச்சு. கீழ குழந்தை இன்னும் பலமா அழுதுது.

"நீங்க யாரும்மா?"

"காயில் கட்டறவங்க. இந்தப் பெட்டி ஒரு வாரம் என் வீட்டுலதான் இருந்தது. சார் என் பொட்டை நம்பித்தான் திருப்பினார்."

அவர் பெட்டியில இருந்த பொட்டைப் பார்த்தார். என் நெத்தியைப் பார்த்தார். ரெண்டும் ஒரே அட்டை.

பல்பு கதையை அங்கேயே சொன்னேன், கீரை உட்பட. தம்பி தலையில கை வெச்சுக்கிட்டார். "அக்கா... ஒரு வாரமும் பல்புலயேவா?" அவர் முன்னால அதை ஒத்துக்கறதுக்குத்தானே அந்த போனைப் போடாம விட்டேன்? இப்ப அவரோட சேர்த்து இன்னும் ரெண்டு பேர் முன்னால. கூச்சப்பட்டு மிச்சம் பண்ணினது என்னன்னு நீங்களே கூட்டிப் பார்த்துக்குங்க.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கணும்"னேன். "இந்தத் தடவை நான் கீழ, குழந்தைகிட்ட உட்கார்ந்துக்கறேன். குழந்தை முழிச்சுதுன்னா நீங்க சொன்னதுதான், நாங்க மறுபேச்சுப் பேசல." சார் வீட்டைப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தாங்க? சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைச்சார்.

"அதை என் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. ரெண்டு நாளா தூங்காதவ அவதான்"னார் ஓனர்.

கீழ அந்தப் பொண்ணுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்ல. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள குழந்தையை என் கையில வெச்சுட்டா. "நீங்கதானே எழுப்பினீங்க? நீங்களே தூங்க வைங்க."

தூங்க வெச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. தூளியில போட்டு ஆட்டி, அது அசந்ததும் பார்த்தா, அந்தப் பொண்ணும் கட்டில்ல அசந்து போயிருந்தா. ஓனர் நாற்காலியைப் போட்டுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்தார். மேல இருக்கற தம்பிக்கு நான் எப்படிச் சொல்றது? பேசினா குழந்தை முழிச்சுக்கும். அதனால முன்கூட்டியே பேசி வெச்சிருந்தோம். நாப்பை ஒண்ணுல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தணும். நான் மிஸ்டு கால் கொடுத்தா குறைக்கணும்.

மேல சார் ஆரம்பிச்சார். ஒண்ணுல ஒண்ணுமே கேக்கல. ரெண்டுல, தெருவுல போற யாரோ முணுமுணுக்கற மாதிரி மெல்லிசா வந்தது. நல்லா இருந்தது. ஆனா குழந்தை முகத்தைச் சுளிச்சுது. கை காலை உதறிச்சு. போனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்தேன்.

தம்பி என்ன பண்ணினார் தெரியுமா? மிஸ்டு கால் பார்த்தா திரும்பக் கூப்பிடறது அவருக்குப் பழக்கம். கூப்பிட்டார்.

என் போன்ல ரிங்டோன் வெச்சுக் கொடுத்தது என் மருமகள். அத்தைக்குக் காது கேக்கணும்னு, இருக்கறதுலயே பெரிய சத்தமா நாதஸ்வரமும் தவிலும். கல்யாணத்துல தாலி கட்டறப்ப அடிப்பாங்களே, அந்தக் கெட்டிமேளம். அது தூளிக்கு ஒரு முழம் தள்ளி என் மடியில அடிக்குது. எந்த பட்டனை அமுக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஓனர் நாற்காலியை விட்டு எழுந்துட்டார். அந்தப் பொண்ணு கட்டில்ல எழுந்து உட்கார்ந்துட்டா. கடைசியில போன் மேலயே நான் உட்கார்ந்துட்டேன்.

குழந்தை தூங்கிக்கிட்டிருந்தது. வாயை ரெண்டு தடவை சப்பினதோட சரி.

நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"கெட்டிமேளத்துக்கு எழுந்திரிக்கல. மேல முணுமுணுப்புக்கு உதறுதே"ன்னார் ஓனர்.

எனக்குக் காதைவிட விரல் மேல நம்பிக்கை ஜாஸ்தி. கம்பி சுத்தறப்ப இழுப்பு கூடினா, குறைஞ்சா, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னால விரலுக்குத் தெரிஞ்சுடும். தூளிக் கயித்தை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, ஓனர்கிட்ட, மேல போய் சாரைத் தடிமன் கம்பியை மட்டும் இழுக்கச் சொல்லுங்கன்னேன். அவரே படியேறிப் போனார்.

மேல 'டும்'னுச்சு. காதுக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா என் விரல்ல கயிறு 'விர்'னு நடுங்கிச்சு. குழந்தை திரும்பவும் முகம் சுளிச்சுது. கயித்தோடயே கண்ணை மேல கொண்டு போனேன். கயிறு, கொக்கி, கொக்கி மாட்டின சீலிங். அந்தச் சீலிங்தானே சாருக்குத் தரை? அந்தக் கொக்கிக்கு நேர் மேலதான் ஆம்ப்பை வெச்சிருக்காங்க. பழைய ஆம்ப்பும் அதே இடத்துலதான் இருந்திருக்கு. சத்தத்துக்குக் குழந்தை ஒரு நாளும் முழிக்கல. தரை அதிர்ந்து, கொக்கி அதிர்ந்து, யாரோ தூளியைப் பிடிச்சு உலுக்கற மாதிரி அதுக்கு இருந்திருக்கு.

அந்தப் பொண்ணும் கயித்தைத் தொட்டுப் பார்த்தா. அடுத்த 'டும்' வந்ததும், "அப்பா!"ன்னு ஒரு சத்தம் போட்டா. அதுக்கும் குழந்தை முழிக்கல.

ஓனர் இறங்கி வந்தார். நான் அவர் விரலைக் கயித்துல வெச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னார். "அப்ப ஒரு மாசமா நான் அந்த மனுஷனை..."ன்னு ஆரம்பிச்சார், முடிக்கல. சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு மறுபடியும் மேல போயிட்டார்.

மேல என்ன நடந்ததுன்னு தம்பிதான் எனக்கு அப்புறம் சொன்னார். காலி பண்றதைப் பத்தி ஓனர் ஒரு வார்த்தை எடுக்கல. மன்னிப்பும் கேக்கல. "கீழ சமையல்கட்டு இருக்கற மூலை இதுதான் சார், அங்க ஒருத்தரும் தூங்கறதில்ல"ன்னு சொல்லிட்டு, பெட்டியோட ஒரு பக்கத்தைத் தானே பிடிச்சுத் தூக்கினாராம். சார் இன்னொரு பக்கம். ஒரு ஜமக்காளத்தை மடிச்சு அடியில போட்டு மூலையில வெச்சாங்க. நான் கீழ கயித்தைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். நாப் மூணு வரைக்கும் போச்சு. கயிறு அசையல. முதல் தடவையா அந்த ஆம்ப்போட முழுக் குரலைக் கேட்டேன். என் வீட்டுல நான் ஒரு வாரம் கேட்டுக் கொஞ்சினது அதோட பசி முனகல்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இது வேற குரல். சார் என்ன வாசிச்சார்னு எனக்குத் தெரியாது, ஆனா அவசரம் இல்லாம, பயம் இல்லாம வாசிச்சார். அந்தப் பொண்ணு திரும்பவும் படுத்துத் தூங்கிட்டா.

சார் அந்த வீட்டுலதான் இன்னமும் இருக்கார்னு தம்பி சொல்றார். குழந்தைக்கு இப்ப நாலு வயசு இருக்கும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சாமானை அது போய் இருக்கப்போற வீட்டுல, அது குடிக்கப்போற கரண்ட்டுல வெச்சுப் பாருங்க. உங்க வீட்டுல வெச்சுப் பார்த்தா உங்க வீட்டைத்தான் தெரிஞ்சுப்பீங்க. தெரியலன்னா கேட்டுடுங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கும். எனக்கு அறுபது வயசுக்கு மேல தெரிஞ்சுது.

இதை அச்சுல போடறதா இருந்தா யாராவது ஒரு தடவை சரிபார்க்கணும். பல்பு இருநூறு வாட்டா நூறு வாட்டான்னு எனக்கு நிச்சயம் இல்ல. டெஸ்டிங் தம்பிக்குத் தெரியும். வால்வு நிறத்தைப் பத்தி எழுதினது சரியான்னும் அவரே பார்க்கட்டும். கடைசியில நாப் மூணுல இருந்ததா மூணரையான்னு ஆரோக்கியம் சாரைத்தான் கேக்கணும். நானே போன் போட்டுக் கேட்டுடலாம்னு நேத்து நம்பரைக்கூட எடுத்து வெச்சேன். பாடம் நடக்கற நேரமா இருக்குமோன்னு தோணிச்சு, விட்டுட்டேன். உங்கள்ல யாராவது கேட்டுடுங்க.